இரண்டு வேடமும் கட்டுங்கள்: நாடகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் மதுரையிலும் புதுச்சேரியிலும் கோவில்பட்டியிலும் நவீன நாடகம் போட்டுக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு,

தென்காசிக்குப் பக்கத்துக் குத்துக்கல்வலசையிலிருந்து, உங்களிடம் ஒரு நாடகம் கேட்டு இதை எழுதுகிறேன். கதையைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை. 1943 பிப்ரவரி 9ஆம் தேதி சென்னை சட்டக் கல்லூரி மண்டபத்தில் அறிஞர் அண்ணாவும் ரா.பி.சேதுப்பிள்ளையும் எதிரெதிரே நின்று வாதாடினார்கள். அடுத்த மாதம், மார்ச் 14ஆம் தேதி, சேலத்தில் அதே அண்ணாவுக்கு எதிரே நாவலர் சோமசுந்தர பாரதியார் எழுந்து நின்றார். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் தீயில் போடலாமா கூடாதா என்பதுதான் வழக்கு. இந்த இரண்டு கூட்டங்களையும் நீங்கள் மேடையேற்ற வேண்டும். முதல் அரங்கேற்றத்தைத் தென்காசியில் நடத்த வேண்டும். ஏன் இந்தக் கதை, ஏன் இப்போது, ஏன் உங்களிடம் என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன்.

இதே போன்ற வேலையை லண்டனில் ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். ஜேம்ஸ் கிரகாம் எழுதிய ‘பெஸ்ட் ஆஃப் எனிமீஸ்’ நாடகம் 2021 டிசம்பரில் யங் விக் அரங்கில் முதலில் ஏறியது. மறு ஆண்டு அங்கிருந்து பெரிய அரங்குக்குப் போனது. உங்களில் பலர் அதைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 1968இல் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் மூன்றாம் இடத்தில் தவித்துக்கொண்டிருந்த ஏபிசி நிறுவனம், கட்சி மாநாடுகளை நாள் முழுக்கக் காட்டக் கையில் காசில்லாமல், இரண்டு அறிவாளிகளைப் பிடித்து உட்கார வைத்தது. ஒருவர் வலதுசாரிப் பத்திரிகையாசிரியர் வில்லியம் பக்லி. மற்றவர் நாவலாசிரியர் கோர் விடால். மயாமியிலும் சிகாகோவிலுமாகப் பத்து முறை மோதினார்கள். ஆகஸ்ட் 28ஆம் தேதி இரவு, நேரலையில், விடால் பக்லியை நாஜி என்கிற பொருள்பட ஒரு சொல் சொன்னார். பக்லி விடாலின் பாலினச் சார்பைக் கேவலமாகச் சொல்லித் திட்டி, முகத்தில் குத்துவேன் என்றார். அதற்குப் பிறகு பத்திரிகையில் சண்டை, நீதிமன்றத்தில் சண்டை. 2008இல் பக்லி இறந்தபோதுகூட விடால் நரகத்துக்குத்தான் வழியனுப்பி எழுதினார்.

அந்த நாடகத்தில் உங்கள் கவனத்துக்கு உரியது சண்டை இல்லை. இருவரில் யார் பக்கமும் சாயாமல் எழுத்தாளர் இரண்டு பேருடைய பயத்தையும் பெருமையையும் அறிவையும் ஒரே அக்கறையோடு எழுதியிருக்கிறார். தனக்குப் பிடிக்காத ஆளின் பேச்சைப் பார்வையாளர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுத்தான் ஆகவேண்டும். இன்னொன்றும் செய்தார்கள். வெள்ளை இனப் பழமைவாதியான பக்லியின் வேடத்தை டேவிட் ஹேர்வுட் என்ற கறுப்பின நடிகருக்குக் கொடுத்தார்கள். நிஜ வாழ்க்கையில் 1965இல் கேம்பிரிட்ஜ் மாணவர் மன்றத்தில் ஜேம்ஸ் பால்ட்வின் என்ற கறுப்பின எழுத்தாளரோடு இதே பக்லி வாதாடி, 544க்கு 164 என்ற வாக்கில் தோற்றிருந்தார். அப்படிப்பட்டவரின் வாதத்தை ஒரு கறுப்பின நடிகர் தன் தொண்டையிலிருந்து முழு நம்பிக்கையோடு சொல்கிறார். நாடகம் செய்யக்கூடிய வேலை இது. வேறு எந்தக் கலையும் இதை இவ்வளவு நேராகச் செய்வதில்லை.

நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

புதிய தலைமுறை 2011இலும் தந்தி டிவி 2012இலும் வந்த பிறகு, ‘நேர்படப் பேசு’, ‘ஆயுத எழுத்து’ போன்ற இரவு விவாதங்கள் எங்கள் ஊர்களில் வழக்கமாகிவிட்டன. அவை ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். கட்சி மாநாட்டுக்குப் போயே அறியாத பெண்கள் வழக்கறிஞர்களையும் பொருளாதாரம் படித்தவர்களையும் தலித் இயக்கத் தலைவர்களையும் வீட்டுக்குள்ளிருந்தே கேட்டார்கள். நீட் தேர்வு என்றால் என்ன, ஆளுநருக்கு என்ன அதிகாரம் என்பதெல்லாம் இந்தத் திரையில்தான் இங்கே பலருக்கு அறிமுகமாயின. அதற்கு நன்றி உண்டு.

ஆனால் இன்றைக்கு அது எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். எங்கள் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் அதிகம். ராத்திரிச் சாப்பாடு முடிந்து மடியில் சொளவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், வெட்டிய இலையில் தூளைப் பரப்பி, சுருட்டி, நூலைக் கட்டி, முனையை மடக்குகிற வரைக்கும் கண் குனிந்தே இருக்கும். அவர்களுக்குத் தொலைக்காட்சி என்பது பெரும்பாலும் காதால் கேட்கிற பொருள். படத்தைப் பார்க்கிற நமக்கு ஆறு கட்டத்தில் ஆறு முகம் தெரிவதால் யார் பேசுகிறார் என்று ஒருவாறு புரிந்துவிடுகிறது. காதால் மட்டும் கேட்பவருக்கு அது வெறும் இரைச்சல். எங்கள் தெருவில் ஒரு அக்கா என்னிடம் சொன்னார்: “எல்லாரும் பேசுதாவ அண்ணாச்சி, ஒருத்தரும் காது குடுக்க மாட்டேங்காவ. நமக்கு எப்படி வெளங்கும்?” அரசியல் பேச்சின் இன்றைய நிலையைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் பலவற்றைவிட இந்தக் கேள்வி எனக்குக் கூர்மையாகப் பட்டது.

இரைச்சலோடு நின்றிருந்தால் உங்களுக்கு நான் எழுதியிருக்க மாட்டேன். தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தப் பேச்சு முறை பிள்ளைகளிடம் இறங்கிவிட்டது. நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியன். இந்த வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் சொற்போர்ப் போட்டிக்கு மூன்று நடுவர்களில் ஒருவனாக என்னை அழைத்திருந்தார்கள். மாணவர்க்குக் கைப்பேசி தேவையா என்ற வழக்கமான தலைப்பு. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, எதிரணிப் பையன் சொன்னதைக் குறிப்பெடுத்துக்கொண்டு எழுந்து, “நீங்க சொன்னதுல மொத விஷயம் சரிதான், அத ஒத்துக்கிடுதேன்” என்று தொடங்கி, அவனுடைய இரண்டாவது காரணத்தை மட்டும் எடுத்து, நிதானமாக, எடுத்துக்காட்டோடு மறுத்தாள். அவள் பாதியில் இருக்கும்போதே அந்தப் பையன் மேசையைத் தட்டி, “கேள்விக்குப் பதில் சொல்லுங்க, கேள்விக்குப் பதில் சொல்லுங்க” என்று மறித்தான். அந்தக் குரல், அந்த விரல் நீட்டல், அந்த அரைச் சிரிப்பு எல்லாம் இரவு நிகழ்ச்சியில் வருகிற ஒருவரை அப்படியே பார்த்தது போலிருந்தது. கூட்டம் கைதட்டியது. முதல் பரிசு அவனுக்குப் போயிற்று. நான் வாதாடிப் பார்த்தேன். சக நடுவர் ஒருவர் அந்தப் பெண்ணின் மதிப்பெண் தாளில் ‘விட்டுக்கொடுத்துவிட்டாள்’ என்று எழுதி வைத்திருந்தார்.

நண்பர்களே, அந்தச் சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எதிராளி சொன்னதில் உண்மை இருந்தால் ஒப்புக்கொள்வது ஒரு பெண் பிள்ளை இயல்பாகக் கற்றுக்கொண்ட நேர்மை. அதைத் தோல்வி என்று மதிப்பெண் தாளில் எழுதும் அளவுக்கு நாம் வந்துவிட்டோம். அவளுக்கும் அந்தப் பையனுக்கும் நல்ல வாதம் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்கு நம்மிடம் ஏதாவது வேண்டும். புத்தகத்தைக் கொடுத்தால் படிக்கிறவர்கள் சிலரே. மேடையில் இரண்டு ஆள் நின்று, உயிரைக் கொடுத்து வாதாடி, ஒருவர் பேசும்போது மற்றவர் முகத்தில் அந்தப் பேச்சு என்ன செய்கிறது என்பது கண்முன்னே நடந்தால், அந்தப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

1943ஐ நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அந்த வழக்கில் நிற்கிற மனிதர்கள். அண்ணாவுக்கு அப்போது 33 வயது. ‘திராவிட நாடு’ இதழைத் தொடங்கி ஓராண்டுகூட நிறையவில்லை. எதிரே நின்ற சேதுப்பிள்ளை தாமிரபரணிக் கரையில் ராஜவல்லிபுரத்தில் பிறந்தவர், எங்கள் பழைய நெல்லைச் சீமைக்காரர். சட்டம் படித்து வழக்கறிஞராகத் தொழில் பார்த்து, பிறகு தமிழுக்கு வந்து, அந்த நேரத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். கம்பன் பேச்சு என்றால் கூட்டம் கூடுகிற பேச்சாளர். இருவருமே அடுக்குமொழிக்காரர்கள். எதுகையும் மோனையும் இருவர் வாயிலும் ஓடி வரும். ஒரே ஆயுதத்தைக் கையில் வைத்திருக்கும் இரண்டு பேர், ஒருவர் கம்பனை எரிக்கவும் மற்றவர் காக்கவும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு நாடகாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்?

சேலத்துக் காட்சி இன்னும் ஆழமானது. சோமசுந்தர பாரதியாருக்கு அப்போது 63 வயது. எட்டயபுரத்தார். வ.உ.சி.யின் நண்பர். 1937இல் தொடங்கிய இந்தி எதிர்ப்புப் போரில் முன்வரிசையில் நின்றவர். அந்தப் போரில் அண்ணாவுக்கும் அவருக்கும் ஒரே பக்கம். அதோடு, ‘தசரதன் குறையும் கைகேயி நிறையும்’ என்று நூல் எழுதியவர். இராமகதையை உச்சியில் வைத்துக் கும்பிட்டவர் இல்லை. இராமனின் தந்தையையே கூண்டில் ஏற்றி, ஊரே பழிக்கும் கைகேயிக்காக வாதாடியவர். அப்படிப்பட்டவர் கம்பனைக் கொளுத்தக் கூடாது என்று எழுந்து நிற்கிறார். அவரைப் பழமைவாதி என்று ஒதுக்க அண்ணாவாலும் முடியாது, இன்றைக்கு நாடகம் பார்க்க வருகிறவராலும் முடியாது. கட்சிக் கொடியை வைத்து ஆளை எடை போடும் பழக்கம் அந்த ஒரு மனிதர் மேடைக்கு வந்தவுடன் ஆட்டம் காணும்.

அண்ணாவின் வாதமும் நாம் நினைப்பதுபோல எளிமையானது இல்லை. கம்பனுக்குக் கவித்துவம் இல்லை என்று அவர் வாதாடவில்லை. அவ்வளவு பெரிய கவி என்பதால்தான் அந்தக் காவியம் கொண்டுவரும் கருத்து தமிழனுக்குள் அவ்வளவு ஆழமாக இறங்குகிறது, அதனால்தான் ஆபத்து என்பது அவர் கட்சி. அழகான பொய்யை என்ன செய்வது என்ற கேள்வி அது. எதிர்த் தரப்புக்கும் கேள்வி உண்டு. கருத்துப் பிடிக்கவில்லை என்று எரிக்கத் தொடங்கினால் தமிழில் கடைசியில் எந்த ஏடு மிஞ்சும்? இரண்டும் இன்றைக்கும் உயிரோடு இருக்கிற கேள்விகள். திரைப்படத்தைத் தடை செய், நாவலைத் தடை செய், பாடத்தை நீக்கு என்ற குரல்கள் ஆண்டுக்கு ஆண்டு எழுகின்றன. அவற்றில் எதை எடுத்தாலும் இந்த இரண்டு கேள்விகளில் ஒன்றுதான் அடியில் கிடக்கிறது.

அந்தச் சொற்போர்கள் ‘தீ பரவட்டும்’ என்ற நூலாக நமக்குக் கிடைக்கின்றன. அதை அச்சிட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனது திராவிட இயக்கம். ஆகவே அந்த நூலை அப்படியே வசனமாக்கினால் ஒரு தரப்பு நாடகமாகத்தான் வரும். உங்கள் உழைப்பு அங்கேதான் வேண்டும். சேதுப்பிள்ளையின் ‘ஊரும் பேரும்’, ‘தமிழின்பம்’ எல்லாம் படியுங்கள். பாரதியாரின் கைகேயி நூலைப் படியுங்கள். தோற்றவர் என்று ஒரு பக்கம் முத்திரை குத்திவைத்த மனிதருக்கு அவர் தகுதிக்குரிய வாதத்தை நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். இதை இயக்கத்தார்மீது குறையாகச் சொல்லவில்லை. தன் பேச்சைத் தானே பதிப்பிக்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். நாடகக்காரருக்குக் கடமை வேறு.

இந்த நாடகத்தில் இன்னொருவரும் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்து 1954இல் காலமான ரசிகமணி டி.கே.சி. ராஜாஜியும் கல்கியும் அருவிக்காக வந்தார்களோ இவர் பேச்சுக்காக வந்தார்களோ என்று சொல்லும்படி குற்றாலத்தில் கம்பனைப் பாடிக்கொண்டிருந்தவர். அவருடைய கட்சி தனி. கம்பன் பெயரில் அச்சாகியிருக்கும் பாடல்களில் நிறையக் கம்பன் பாடியவையே இல்லை என்று சொல்லி, தன் செவிக்குக் கம்பனாகப் பட்டவற்றை மட்டும் வைத்துக்கொண்டு பதிப்பித்தார். பண்டிதர்களுக்கு அவர்மேல் கோபம். எரிப்பவர்களுக்கும் காப்பவர்களுக்கும் நடுவில், கத்தரிக்கோலோடு ஒரு மூன்றாம் ஆள்! தெருக்கூத்தில் கட்டியங்காரன் நிற்பதுபோல அவரை மேடை ஓரத்தில் நிறுத்துங்கள். இருபுறமும் அனல் பறக்கும்போது அவர் ஒரு பாட்டைப் பாடிக் காட்டட்டும், ரசிக்கச் சொல்லட்டும். அவர் சொல்வது போதுமான பதிலா, இல்லை தப்பித்துக்கொள்வதா என்று பார்வையாளர் முடிவு செய்யட்டும். எனக்கே இதில் முடிவான கருத்து கிடையாது. அவரைப் படிக்கும்போதெல்லாம் மகிழ்ச்சியும் சந்தேகமும் சேர்ந்தே வருகின்றன.

கதை 1943லேயே முடிந்துவிடவும் கூடாது. 25 ஆண்டு தள்ளி, 1968 ஜனவரியில், சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு. மெரினா கடற்கரையில் சிலைகள் எழுகின்றன. வள்ளுவர், ஔவை, கண்ணகி, பாரதி, பாரதிதாசன், கால்டுவெல், போப் வரிசையில் கம்பருக்கும் சிலை. அப்போது முதலமைச்சர் அண்ணா. சோமசுந்தர பாரதியார் 1959இலும் சேதுப்பிள்ளை 1961இலும் போய்விட்டார்கள், இதைப் பார்க்க இருவருமே இல்லை. ஓராண்டில் அண்ணாவும் போய்விட்டார். கம்பருக்கு எழுந்த அந்தச் சிலை மனமாற்றமா, ஆட்சிப் பொறுப்பா, தமிழ் என்ற பெரிய குடைக்குள் பழைய எதிரியையும் சேர்த்துக்கொண்ட பெருந்தன்மையா? யாரும் தீர்த்துச் சொல்லிவிட முடியாது. அதே 1968இன் ஆகஸ்ட் மாதம்தான் அமெரிக்காவில் பக்லியும் விடாலும் கேமரா முன்னால் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொண்டார்கள். அவர்களுடைய கதை எங்கே முடிந்தது, நம்முடையது எங்கே வந்து நின்றது என்பதை ஒப்பிட்டுப் பார்க்கும்போது இதைச் சொல்லாமல் விடுவது பெரிய இழப்பு என்று எனக்குப் படுகிறது.

உங்கள் தயக்கங்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. இன்றைய சூழ்நிலையில் கம்பராமாயணத்தை எரிப்பது பற்றி மேடையில் ஒரு வரி பேசினாலும் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டிவரும் என்பீர்கள். மறுபக்கத்திலிருந்து, அண்ணாவுக்குப் பதில் சொல்லும் சேதுப்பிள்ளைக்கு ஏன் இவ்வளவு நல்ல வசனம் கொடுத்தாய் என்று கேட்டு வருவார்கள் என்பீர்கள். இரண்டும் நடக்கலாம். 1943இல் வெள்ளைக்காரன் ஆட்சி, உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அந்த நாளில் ஒரு கல்லூரி மண்டபத்தில் தலைவர் ஒருவரை உட்கார வைத்து இதே கேள்வியை இரண்டு பக்கமும் பேசினார்கள். கேட்க வந்தவர்கள் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அன்றைக்கு நேரில் பேச முடிந்ததை இன்றைக்கு நாடகமாகக்கூடப் போட முடியாது என்றால், அதை வெளியே தெரியும்படி செய்வதும் உங்கள் வேலைதான்.

இரண்டு பேர் நின்று பேசுவதில் நாடகம் எங்கே இருக்கிறது என்று உங்களில் உடல்மொழிக்கு முதலிடம் தருபவர்கள் கேட்கலாம். பேச்சு சபா நாடகத்தோடு போகட்டும் என்று நீங்கள் ஒதுக்கிவைத்ததற்கு நியாயமும் உண்டு. துணுக்குத் தோரணமாகப் பேச்சு சீரழிந்த காலத்தில் கூத்துப்பட்டறையும் நிஜ நாடக இயக்கமும் உடம்பைக் கொண்டுவந்து மேடையை மீட்டன. ஆனால் வாதம் என்பது நம் மேடைக்கு அந்நியமில்லை. தஞ்சைப் பக்கத்து லாவணியில் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று ஒரு கட்சியும் டேப் வாத்தியத்தைத் தட்டிக்கொண்டு விடிய விடியப் பாடியிருக்கின்றன. அண்ணாவே சேலத்தோடு நிற்காமல் அந்த வழக்கை ‘நீதிதேவன் மயக்கம்’ என்று நாடகமாக்கி, இராவணனை நீதிமன்றத்தில் பேச வைத்தார், கம்பரையும் அங்கே நிறுத்தினார். பேச்சுக்குள் உடம்பு இருக்கிறது. எதிராளியின் வாதம் தன் நெஞ்சில் தைத்த அந்தக் கணத்தில் ஒரு மனிதன் தண்ணீர் டம்ளரை எப்படி எடுக்கிறான் என்பதை நடிக்க உங்கள் பயிற்சி முழுவதும் தேவைப்படும்.

இப்போது என் முக்கியமான வேண்டுகோள். இந்த நாடகத்தை நீங்கள் எழுதுவதானால், அண்ணாவாக வரும் நடிகர் மறுநாள் சேதுப்பிள்ளையாக வரவேண்டும். சேதுப்பிள்ளையாக வந்தவர் அண்ணாவாக வரவேண்டும். ஒவ்வொரு இரவும் மாற்றிக்கொள்ளுங்கள். லண்டன் நேஷனல் தியேட்டரில் 2011இல் ‘ஃபிராங்கென்ஸ்டைன்’ போட்டபோது இரண்டு முதன்மை நடிகர்கள் விஞ்ஞானியாகவும் அவன் படைத்த உயிராகவும் இப்படித்தான் மாறி மாறி நடித்தார்கள். அங்கே அது நடிப்புத் திறமைக்கான சவால். இங்கே அதற்கு வேறொரு பயன் இருக்கிறது. உங்கள் நடிகர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு பக்கம் உறுதியாக நிற்பவர்கள் என்று எனக்குத் தெரியும், நிற்கத்தான் வேண்டும். அந்த நடிகர் தான் ஏற்காத வாதத்தை ஒரு மாதம் மனப்பாடம் செய்து, அதற்கு மூச்சுக் கொடுத்து, கைதட்டல் வாங்குகிற அளவுக்குச் சொல்ல வேண்டும். முதல் நாள் வந்தவர் மறுநாளும் வந்தால், நேற்று தனக்குப் பிடித்த கட்சியைப் பேசிய அதே குரல் இன்று எதிர்க்கட்சியைப் பேசுவதைக் கேட்பார். ஆளுக்காகக் கைதட்டினோமா வாதத்துக்காகவா என்று அவருக்கே கேள்வி வரும்.

இது அண்ணாவுக்கு ஒவ்வாத யோசனை என்று யாராவது சொன்னால் ஒன்றை நினைவூட்டுங்கள். ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தை எழுதியவர் அவர். அதில் அவர் கட்டிக்கொண்ட வேடம் சிவாஜி இல்லை. தான் வாழ்நாள் முழுக்க எதிர்த்த சனாதனத்தின் குரலாக எழுதிய காகபட்டர் வேடத்தைத்தான் அவர் கட்டினார். எதிராளியின் வசனத்தை அவர் எழுதியதோடு நிற்காமல், அவனாக மேடையேறிப் பேசியும் காட்டியிருக்கிறார். அந்தத் துணிச்சலைத்தான் உங்களிடமும் கேட்கிறேன்.

நம் நாடகத்தில் வாதாடும் வேடங்களில் ஒன்றையாவது ஒரு பெண் ஏற்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். 1943 மேடையில் வாதாடியவர்கள் எல்லோரும் ஆண்கள். கைகேயியைப் பற்றியும் சீதையைப் பற்றியும் ஆண்களே பேசித் தீர்த்தார்கள். கறுப்பின நடிகர் பக்லியாக நிற்க முடியும் என்றால், ஒரு பெண் நாவலர் பாரதியாராக நின்று கைகேயிக்காகப் பேச முடியாதா? எங்கள் வட்டாரப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை நான் அழைத்து வருவேன். ‘விட்டுக்கொடுத்துவிட்டாள்’ என்ற குறிப்போடு வீட்டுக்குப் போன பெண்ணும் அவர்களில் இருப்பாள்.

தென்காசியில்தான் முதலில் என்று நான் பிடிவாதம் பிடிப்பது ஊர்ப்பாசத்தால் மட்டும் இல்லை. சென்னையில் போட்டால் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள் வருவார்கள். பாதிப் பேர் எந்த இடத்தில் கைதட்டுவது என்று முடிவு செய்துகொண்டே வருவார்கள். இங்கே வருகிறவர்களுக்கு அந்த முன்முடிவு குறைவு. பேச்சுக்குச் செவி கொடுத்த ஊர் இது. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சி இந்த மண்ணில் ஆடிப் பாடப்பட்டது. அதில் வசந்தவல்லிக்கும் குறத்திக்கும் நடக்கும் கேள்வி பதிலை இன்றைக்கும் பெரியவர்கள் சொல்லிக் கேட்கலாம். கோயில் கொடையில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் கேட்டுப் பழகியவர்கள் இவர்கள். விடியும்வரை உட்கார்ந்து கேட்பார்கள். 2019இல் தனி மாவட்டமானோம். கலெக்டர் அலுவலகம் வந்துவிட்டது, நல்ல நாடகம் இன்னும் வரவில்லை.

வருவதானால் சாரல் காலத்தில் வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் அறை வாடகை உங்களுக்குக் கட்டாது, ஊரும் உங்கள் பக்கம் திரும்பாது. தை, மாசியில் வாருங்கள். அந்த இரண்டு சொற்போர்களும் ஏறத்தாழ அதே பருவத்தில்தான் நடந்தன. தங்குவதற்கு வீடுகளில் ஏற்பாடு செய்கிறோம், சாப்பாடு எங்கள் பொறுப்பு. ஒத்திகைக்கு ஒரு கூடமும் நாடகத்துக்கு ஒரு திடலும் பார்த்து வைக்கிறோம். அடுத்தடுத்த இரண்டு இரவுகள் வேண்டும், வேடம் மாறுவதற்கு. கட்சிக்காரர் யாரையும் தலைமை தாங்கக் கூப்பிட மாட்டோம், பொன்னாடையும் கிடையாது. நாடகம் முடிந்தவுடன் மேடையேறிக் கருத்துச் சொல்ல யாரையும் விட மாட்டோம். மறுநாள் காலையில், தூங்கி எழுந்த பிறகு, விருப்பமுள்ளவர்கள் உங்களோடு உட்கார்ந்து பேசலாம்.

பிரதியின் முதல் வரைவு முடிந்ததும் ஒரு படி எங்களுக்கு அனுப்புங்கள். அது அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. பீடி சுற்றுகிற பெண்கள் இருக்கும் ஒரு திண்ணையில் உட்கார்ந்து, இரண்டு பேர் இரண்டு தரப்பாக அதை உரக்க வாசிக்கிறோம். எந்த இடத்தில் அவர்கள் கை நின்றது, எந்த இடத்தில் பேச்சு விளங்கவில்லை என்பதைக் குறித்து உங்களுக்குத் திருப்பி அனுப்புகிறோம். உங்களில் எந்தக் குழு முன்வருகிறது என்று பொங்கலுக்குள் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தமிழாசிரியன்,
குத்துக்கல்வலசை